தொட்டிலும் கட்டண ரசீதும்

சென்ற ஆண்டுத் திருக்குடும்பத் திருநாளன்று நாம் ஆற்றிய மறையுரை நமக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுவே ஓர் எச்சரிக்கை என்பதை அப்போது நாம் உணரவில்லை. அறைகள் மூன்று, குழந்தை ஒன்று என்றாகிவிட்ட அடுக்குமாடி வீடுகளைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேசினோம். பிள்ளைகளுக்குப் பதிலாக நாயும் பூனையும் வளர்க்கும் தம்பதியரைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டு சனவரியில் கூறியதையும் எடுத்துரைத்தோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டியர் தலையசைத்து ஆமோதித்தனர். இளந்தம்பதியர் அமர்ந்திருந்த பின்வரிசைகளில் அசைவில்லை.

திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் உள்ளே வந்தார். சிறுசேரியிலுள்ள கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். அவருடைய மனைவியும் அவ்வாறே. நான்கு வயதில் ஒரே மகள். பணிவாகத் தோத்திரம் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நம் கையில் கொடுத்தார். "ஃபாதர், உங்கள் பிரசங்கத்தைக் கேட்டேன். இதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்றார்.

அது எல்.கே.ஜி. வகுப்பின் ஒரு பருவத்திற்கான கட்டண ரசீது. நம் பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மையார் நான்கு மாதம் உழைத்துப் பெறும் ஊதியத்தினும் அது அதிகம். அந்த ஒப்பீடு மனத்தில் எழுந்தபோது நமக்கு இரு வகையில் நாணம் உண்டாயிற்று. ஆனால் அதனினும் நம்மைச் சுட்டது வேறொன்று. ரசீதின் தலைப்பில் பெரிய எழுத்துகளில் ஒரு புனிதரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அது நம்மவர் நடத்தும் பள்ளி!

"பிள்ளை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஃபாதர். இரண்டாவதைப் பெற்றால், முதற்பிள்ளைக்குக் கொடுப்பதில் எதைக் குறைப்பது என்றுதான் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அவர் விடைபெற்றார். ரசீதைத் திருப்பிக் கேட்கவில்லை. நம் கட்டளைச் செபநூலுக்குள் அது இன்றும் இருக்கிறது. இக்கட்டுரை அந்த ரசீதிலிருந்து பிறந்ததே. பிள்ளை வளர்த்தறியாத நாம் இதை எழுதுவது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். பொருந்தாதுதான். ஆயினும் மறையுரையில் பேசிவிட்டோம். பேசியதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் அன்றோ?

கையாக வந்த பிள்ளை

குருப்பட்டம் பெற்ற புதிதில் கடலோரத்துப் பழைய பங்கு ஒன்றில் உதவிக் குருவாக இருந்தோம். அங்கே நூல் பிரிந்து, ஓரம் செல்லரித்த ஞானஸ்நானப் பதிவேடுகள் உண்டு. மழைக்காலத்து மாலைகளில் அவற்றைப் புரட்டுவது நமக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒரே தாய் தந்தையின் பெயர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும். ஆறு முறை, ஏழு முறை, சில வேளை ஒன்பது முறை. முதலில் நாம் அதை விசுவாசத்தின் அடையாளம் என்று எண்ணி மகிழ்ந்தோம். பின்னர் அடக்கப் பதிவேட்டை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தபோதுதான், அதே பெயர்களுள் பல ஓராண்டு ஈராண்டுக்குள் அங்கேயும் எழுதப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. "எட்டுப் பெற்றேன் சாமி, நாலு தங்கிற்று" என்று அக்காலத்துப் பாட்டிமார் சொல்வது கணக்கு மட்டுமன்று. 1971-ஆம் ஆண்டில் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளுள் 129 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன்னே மடிந்தன. 2020-ஆம் ஆண்டில் தமிழகத்தில் அந்த எண்ணிக்கை 13. இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் "அக்காலத்தில் எத்தனை பிள்ளைகள்!" என்று பெருமூச்சு விடுவது பேதைமை.

மற்றொன்றும் உண்டு. அன்று பிள்ளை செலவாக வரவில்லை, கையாக வந்தது. கரைவலை இழுக்கும் மணலில் பத்து வயதுப் பையனும் கயிற்றைப் பிடிப்பான். மீன் பங்கிடும்போது அவனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெண் பிள்ளை தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே கருவாடு காயவைப்பாள். கடலைவிட்டுச் சற்று மேற்கே வந்தால், இன்று கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாய் நிற்கும் இந்த நாவலூர், தாழம்பூர்ப் பக்கங்கள் ஏரிப் பாசனத்து நெல்வயல்கள். மாடு மேய்ப்பதும் களை பறிப்பதும் சிறுவர் வேலை. ஒரு வாய் வந்தால் இரண்டு கைகள் சேர்ந்து வந்தன.

ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் கால்டுவெல் என்பவர் (நம் மொழிக்குத் தொண்டாற்றிய பேராயர் கால்டுவெல் அல்லர்) 1976-ஆம் ஆண்டில் இதையே ஒரு கொள்கையாக வகுத்தார். ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் ஆய்ந்தவர். பின்னர் நம் அண்டை மாநிலமான கர்நாடகச் சிற்றூர்களிலும் ஆய்வு நடத்தியவர். செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றோரை நோக்கிப் பாயும்வரை பிள்ளைகள் பலராய்ப் பிறப்பர். பெற்றோரிடமிருந்து பிள்ளையை நோக்கித் திரும்பிப் பாயத் தொடங்கியதும் எண்ணிக்கை குறையும் என்பது அவர் கருத்து. அந்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் மதகு எது? பள்ளிக்கூடம் என்றார் அவர். பள்ளிக்குப் போகும் பிள்ளை மாடு மேய்ப்பதில்லை. அதற்குப் புத்தகம் வேண்டும், சட்டை வேண்டும், செருப்பு வேண்டும். அதற்கும் மேலாக, "இவன் படித்து முன்னுக்கு வரவேண்டும்" என்னும் கனவு பெற்றோரின் நெஞ்சில் புகுந்துவிடுகிறது. அந்தக் கனவே மிகுந்த செலவுடையது.

தமிழகத்தின் புதிர்

தொழில் வளர்ந்து செல்வம் பெருகிய நாடுகளில்தான் பிறப்பு குறையும் என்பது பாடநூல் விதி. தமிழகம் அவ்விதிக்குக் காத்திருக்கவில்லை. 1971-இல் இந்தியப் பெண்ணொருத்தி தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகள் சராசரி 5.2, தமிழகத்தில் 3.9. தலைமுறையை ஈடுசெய்ய வேண்டிய 2.1 என்னும் அளவை 1990-களிலேயே நெருங்கித் தாண்டிவிட்டோம். 2019-21 ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வு 1.8 என்றது; மாதிரிப் பதிவுமுறைக் கணக்கு 2020-ஆம் ஆண்டிற்கு 1.4 என்றது. இத்தாலியும் யப்பானும் செல்வத்தில் உச்சியைத் தொட்ட பின் இறங்கிய படிகளில், நாம் பாதி வழியிலேயே இறங்கத் தொடங்கிவிட்டோம்.

காரணங்கள் பல. 1930-களிலேயே பெரியார் ஈ.வெ.ரா. பெண்களின் உடல்நலத்தையும் விடுதலையையும் முன்னிறுத்திக் கர்ப்ப ஆட்சியைப் பற்றி ஊர்தோறும் பேசினார். அதே காலத்தில், 1930 டிசம்பர் இறுதியில், திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்துத் திருமடல் வெளியிட்டார். இரு குரல்களும் ஒரே தமிழ்நாட்டில் ஒலித்தன. எது அதிகம் கேட்கப்பட்டது என்பதை நம் பதிவேடுகளே சொல்லும், மறைப்பதற்கில்லை. பின்னர் அரசு வந்தது. சிவப்பு முக்கோணம் சுவரெல்லாம் ஏறியது. "நாம் இருவர், நமக்கு இருவர்" என்றனர். சில காலத்தின்பின் "நமக்கு ஒருவர்" என்றனர். ஆட்டோக்களின் முதுகில் "பெண்ணின் திருமண வயது 21" என்று எழுதினர். அதே ஆட்டோவில் "பிரசவத்திற்கு இலவசம்" என்றும் எழுதியிருந்தது. தமிழனின் மனத்தில் இரண்டு வாசகங்களுக்கும் இடமிருந்தது என்பது நமக்கு மகிழ்ச்சியே.

ஆயினும் சுவரொட்டியைவிட வலிமையாய்ப் பணிசெய்தது சத்துணவுத் தட்டு என்பது நம் கருத்து. காமராசர் 1950-களில் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தன. முக்கியமாக ஏழைப் பெண்பிள்ளையை. படித்த பெண் தாமதமாய் மணந்தாள், பெற்ற பிள்ளை பிழைக்கும் என்று நம்பினாள், இரண்டோடு நிறுத்தினாள்.

இதில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதைத் தாண்டிச் செல்ல நம் மனச்சான்று இடந்தரவில்லை. பிள்ளைச் செலவு என்று பேசும்போது நம் நாட்டில் பெண்பிள்ளைச் செலவு என்று தனியே ஒன்று இருந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நகை, சீர், வரதட்சணை, தலைப்பிரசவம் வரை அது நீண்டது. பிள்ளைகள் இரண்டே என்றானபோது அந்த இரண்டில் பெண் இடம்பெறக் கூடாது என்று சில மாவட்டங்களில் முடிவு செய்தனர். சேலம் பகுதியில் பெண்சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் அரசே தொட்டில் வைக்க நேர்ந்தது. ஒரு குழந்தையின் விலை கணக்கிடப்படும்போது அக்கணக்கில் தோற்பது யார் என்பதை அந்தத் தொட்டில்கள் காட்டின.

நாவலூரில் ஒரு குழந்தை

இனி நம் வாசல்புறத்துக்கு வருவோம். பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாகி, இருபுறமும் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் எழுந்த பின் நம் பங்கில் பாதிப்பேர் நெல்லை, தூத்துக்குடி, குமரி, திருச்சி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இருவரும் சம்பாதிக்கின்றனர், வறியவர் அல்லர். ஆனால் அவர்கள் வாழ்வின் முதற்கடன் வீட்டுக்கடன். மாதத் தவணை இருபது ஆண்டு ஓடும். அத்தவணைக்கு இரு சம்பளமும் வேண்டும். பாட்டி ஊரில் இருக்கிறாள், அத்தை துபாயில். ஆகவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பணம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும், அல்லது பகல்நேரக் காப்பகத்தில் விடவேண்டும். முற்காலத்தில் கூட்டுக்குடும்பம் காசு வாங்காமல் செய்த வேலைகளுக்கெல்லாம் இன்று ரசீது வருகிறது.

பிறப்பிலிருந்தே பாருங்கள். 2019-21 ஆய்வின்படி தமிழகத்தில் 100 பிரசவங்களுள் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் 64. முதற்பிள்ளை அறுவை என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் அதுவே. பிறகு பள்ளி. நாடு முழுவதும் 2025-இல் எடுக்கப்பட்ட அரசின் கல்விச் செலவுக் கணக்கெடுப்பில், அரசுப் பள்ளி மாணவனுக்கு ஆண்டுச் செலவு சராசரி ஏறத்தாழ 2,900 ரூபாய். மற்றப் பள்ளிகளில் 25,000. இச்சாலையோரத்துப் பெற்றோர் அந்த 25,000-ஐக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது வேன் கட்டணமும் சீருடையும் சேர்ந்த தொகை. மேல்வகுப்பு வந்தால் நீட் பயிற்சி, ஜே.ஈ.ஈ. பயிற்சி. தனிப்பயிற்சி இல்லாமல் மருத்துவக் கனவு காண்பவரை நாம் இப்பகுதியில் காணவில்லை.

அரசுப் பள்ளியில் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். நாம் கேட்டோம். அந்த இளைஞரே நம்மை நோக்கி, "நீங்கள் நடத்தும் பள்ளியில் உங்கள் பங்குப் பிள்ளைக்கு ஏன் இடமில்லை என்று முதலில் சொல்லுங்கள், ஃபாதர்" என்று கேட்டிருக்கக் கூடும். நல்ல மனிதர், கேட்கவில்லை.

செல்வர் நாடுகளின் தோல்வி

பிறநாடுகளின் கதை நமக்கு இப்போது அயலார் கதையன்று. அமெரிக்க வேளாண் துறை 2015-இல் பிறந்த ஒரு பிள்ளையைப் 17 வயது வரை வளர்க்க நடுத்தரக் குடும்பத்துக்கு 2,33,610 டாலர் ஆகும் என்று கணக்கிட்டது. கல்லூரிச் செலவு அதில் சேராது. ஆனால் செலவின் சுமையை உணரத் தென்கொரியாவையே பார்க்க வேண்டும். நாட்டின் தனிநபர் ஆண்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு ஒரு பிள்ளையை 18 வயது வரை வளர்க்கச் செலவாகிறது எனப் பெய்ஜிங்கிலுள்ள ஆய்வகம் ஒன்று 2024-இல் வெளியிட்டது. சீனாவில் 6.3 மடங்கு. கொரியாவில் 100 மாணவருள் 78 பேர் தனிப்பயிற்சிக்குச் செல்கின்றனர். 2023-இல் பெற்றோர் அதற்குச் செலவிட்டது 27 இலட்சம் கோடி வான். அதே ஆண்டில் அங்கே ஒரு பெண்ணுக்குப் பிள்ளை 0.72. உலகிலேயே குறைவு. 1980-இல் அந்நாட்டு இராணுவ ஆட்சி தனிப்பயிற்சியைச் சட்டத்தால் தடுத்தது. 2000-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. சீனமோ 1980 முதல் 2015 வரை ஒரே பிள்ளை என்று கட்டாயப்படுத்தி, 2021-இல் மூன்று பெறுங்கள் என்றது. எவரும் கேட்பதாயில்லை. 2022 முதல் அங்கே மக்கள்தொகையே சுருங்கத் தொடங்கிற்று. பிள்ளையைத் தடுக்கும் ஆற்றல் அரசுக்கு உண்டு. பிறக்கச் செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை போலும்.

சிங்கப்பூர்த் தமிழர் நினைவில் வைத்திருப்பர்: 1970-களில் "இரண்டோடு நில்" என்ற அரசு, 1987-இல் "வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ" என்று மாற்றிச் சொன்னது. 2023-இல் அங்கே 0.97. அங்கேரி நாடு நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு 2020 முதல் வாழ்நாள் முழுதும் வருமானவரி இல்லை என்றது. சில ஆண்டுகள் எண்ணிக்கை சற்று ஏறியது, மீண்டும் இறங்கிவிட்டது. சுவீடனில் மிர்தால் தம்பதியர் 1934-இலேயே நூலெழுதி, பிள்ளைச் செலவைச் சமுதாயம் முழுவதும் பகிர வேண்டும் என்று வாதாடினர். காப்பகம், விடுப்பு, உதவித்தொகை எல்லாம் வந்தன. அந்நாடு நெடுங்காலம் மற்றவரினும் மேலாய் நின்றது. 2024-இல் அதுவும் 1.43-க்கு வந்துவிட்டது. பணம் கொடுத்தால் பிள்ளை பிறக்கும் என்பாரும், பணத்துக்கும் பிள்ளைக்கும் தொடர்பில்லை என்பாரும் இக்கணக்கில் ஒருசேரத் தோற்கின்றனர்.

நம் நாட்டில் இப்போது அரசியலும் சேர்ந்துகொண்டது. 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த திருமண விழாவில் அப்போதைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், பதினாறு செல்வங்களைக் குறித்த பழைய வாழ்த்தை நினைவூட்டி, பதினாறு பிள்ளைகளே பெற்றால் என்ன என்று மக்கள் எண்ணும் நிலை வந்திருப்பதாகப் பேசினார். மக்களவை இடங்கள் 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையின்படி 1976 முதல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே சென்ற மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்பதே அன்றைய ஏற்பாடு. அந்த அச்சம் நியாயமானதே. எனினும் நாடாளுமன்ற இடத்துக்காக எந்தத் தாயும் பிள்ளை பெறமாட்டாள். சட்டமோ வேறு பாடம் நடத்துகிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதலிரு பிள்ளைகளுக்கு 26 வார விடுப்பும், மூன்றாவதற்கு 12 வாரமும் தந்தது. மறுமணத்தில் பிறந்த பிள்ளைக்காக விடுப்புக் கேட்ட நம் மாநில அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், முன்னமே இருவர் உண்டு என்று மறுக்கப்பட்டு, 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் சென்றே அதைப் பெற வேண்டியிருந்தது.

கேரளத்துப் பாலா மறைமாவட்டம் 2021-இல் ஐந்தோ அதற்கு மேலோ பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் அறிவித்தபோது நாடெங்கும் கேலியும் கண்டனமும் எழுந்தன. கேலி செய்தவருடன் நாம் சேரவில்லை. பேச்சோடு நில்லாமல் பணப்பையைத் திறந்த மறைமாவட்டம் அது. ஆயினும் 1,500 ரூபாயால் ஐந்தாம் பிள்ளை வளராது. இரண்டாம் பிள்ளையைப் பெற அஞ்சி நிற்கும் வீட்டுக்கும் அது எட்டாது.

திருச்சபை ஒருபோதும் எண்ணிக்கையைக் கட்டளையிட்டதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், பெற்றோர் தம் நலனையும் பிறந்த, பிறக்கப்போகும் பிள்ளைகளின் நலனையும், காலத்தின் பொருள்நிலையையும் எண்ணித் தாமே கடவுள் திருமுன் தீர்மானிக்க வேண்டும் என்றது. ஆறாம் பவுல் 1968-இல் பொறுப்புள்ள பெற்றோர்மை பற்றிப் பேசியபோதும் பொருளாதார நிலையை விட்டுவிடவில்லை. கத்தோலிக்கர் முயல்களைப்போல் பெற வேண்டியதில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விமானத்தில் சொன்னதை நம் மறையுரையில் நாம் விட்டுவிட்டோம். நாய் பூனையை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது நம் குற்றம்.

பங்குப் பேரவையில் இதை வைத்தபோது நீண்ட விவாதம் நடந்தது. "எங்கள் காலத்தில் கஞ்சி குடித்து வளர்க்கவில்லையா?" என்றார் ஒரு பெரியவர். "உங்கள் பேரனைக் கஞ்சி கொடுத்து வளர்க்கச் சம்மதமா, ஐயா?" என்று மெல்லக் கேட்டாள் ஓர் இளந்தாய். பெரியவர் சிரித்துவிட்டார். இறுதியில் இரண்டு முடிவுகள். வாரநாள்களில் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபத்தின் ஒரு பகுதியைப் பகல்நேரக் காப்பகமாக்குவது. பணிஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவரும் பாட்டிமார் மூவரும் பொறுப்பேற்பது. கழிப்பறையைக் குழந்தைகளின் உயரத்துக்கு மாற்றவும், படிக்கட்டுக்குக் கம்பி அடைக்கவும், உரிய அனுமதி பெறவும் எதிர்பார்த்ததைவிடக் காலம் பிடித்தது. இப்போது பதினொரு பிள்ளைகள் வருகின்றனர். அவர்களுள் நால்வர் கிறிஸ்தவரல்லாத வீட்டுப் பிள்ளைகள். பகல் பன்னிரண்டு மணி மூவேளைச் செப மணி அடிக்கும்போது தூங்கும் குழந்தைகள் விழித்துக்கொள்வதால், மணியை மெல்ல அடிக்கும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறோம்.

மற்றொரு முடிவு, ரசீதில் கண்ட பள்ளிக்கு எழுதுவது. இரண்டாம் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம், மூன்றாம் பிள்ளைக்குக் கட்டணமில்லை என்று வகுத்தல் இயலுமா என்று பேரவையின் பெயரால் கேட்டோம். எழுதுமுன் அப்பள்ளியின் நிலையையும் விசாரித்தோம். ஆசிரியர் சம்பளம், கட்டடக் கடன், பேருந்துகளின் எரிபொருள் என்று அவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு, அக்கணக்கு பொய்யன்று. நம் மடலுக்கு இரு வாரத்தில் மறுமொழி வந்தது. மரியாதையான மொழி, "நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கு வைக்கப்படும்" என்றிருந்தது. அதன்பின் செய்தியில்லை.

அந்த இளைஞர் ஞாயிறுதோறும் வருகிறார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்போலவே பின்வரிசையில் அமர்கிறார். சென்ற வாரம் திருப்பலிக்குப் பின் நின்று, "பள்ளியிலிருந்து ஏதாவது பதில் வந்ததா, ஃபாதர்?" என்று கேட்டார். இல்லை என்றோம். அடுத்த பருவக் கட்டணத்துக்குக் கடைசி நாள் பத்தாம் தேதி என்றார்.